நாசாவே சொல்லிவிட்டதாம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில்

முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு, வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் உண்மையா பொய்யா என்று தோண்டிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. "இதையெல்லாம் பார்த்தால் உங்களுக்குக் கோபமே வராதா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வரும். இரண்டு முறை போனைத் தூக்கி எறிந்திருக்கிறேன், நல்லவேளை மெத்தை மேல். சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

கும்பகோணம், வங்கி ஊழியர்: சார், எங்கள் குடும்ப குரூப்பில் பெரிய மாமா தினமும் காலை வணக்கத்தோடு ஒரு பொய்யையும் சேர்த்து அனுப்புகிறார். போன வாரம் 'இது தப்பு மாமா' என்று லிங்க் போட்டேன். அத்தை போன் செய்து அழுதார். இனி வாயே திறக்கக் கூடாதா?

திறக்கலாம். குரூப்பில் மட்டும் வேண்டாம். சம்பந்தி வீட்டார் வரை இருக்கும் இடத்தில் மருமகன் 'தப்பு' என்று சொன்னால் எந்த மாமா ஒத்துக்கொள்வார்? தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

2016 நவம்பரில் புது 2,000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சிப் இருப்பதாக என் அண்ணன் அடித்துச் சொன்னார். பூமிக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக் கொடுத்துவிடுமாம். சில தொலைக்காட்சிகளே அதை ஒளிபரப்பின. ஜிபிஎஸ் கருவி சிக்னலை வாங்கத்தான் செய்யும், திருப்பி அனுப்பாது, அது இருக்கும் இடம் செயற்கைக்கோளுக்குத் தெரியவே தெரியாது என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். கொட்டாவி விட்டார். மறுநாள் காபி குடிக்கும்போது, "அண்ணே, அந்தச் சிப்புக்கு பேட்டரி எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சிரித்துவிட்டார். கறுப்புப் பணக்காரன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்கிற ஆசைதான் அவரை நம்ப வைத்தது. அந்த ஆசையில் என்ன தப்பு? நான் முதல் நாள் அதையும் சேர்த்துக் கேலி செய்துவிட்டேன்.

இன்னொன்று. திருத்தினால் ஆட்கள் இன்னும் பிடிவாதமாக நம்புவார்கள் என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது, அது ஊரெங்கும் பேசப்பட்டது. பிறகு பெரிய அளவில் சோதித்தபோது பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. திருத்தினால் பலன் உண்டு. ஆனால் கொஞ்ச நாளில் மறந்துபோகும், மறுபடி சொல்ல வேண்டும்.

காரைக்கால், கல்லூரி மாணவி: ஐயா, திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்று போகின்றன, நாசாவே ஆராய்ந்து வியந்தது என்கிறார்கள். எங்கள் ஊர் பக்கம் யாரும் மறுப்பதில்லை.

வருடத்துக்கு நாலு தடவை இந்தக் கேள்வி வருகிறது, எனக்குப் பிடித்த கேள்வி. ஓரளவு தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. கவணில் கல்லைச் சுழற்றிக்கொண்டே இருக்கும்போது மூன்று விநாடி நிறுத்திவிட்டு மறுபடி சுழற்ற முடியுமா? செயற்கைக்கோள் நின்றால் விழ ஆரம்பிக்கும். மறுபடி அந்த வேகத்தைப் பிடிக்க அதில் எரிபொருளும் கிடையாது. அதே மூன்று விநாடியில் அது இருபது கிலோமீட்டருக்கு மேல் தாண்டியிருக்கும். திருநள்ளாற்றைக் கடந்து எங்கோ போயிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பார்ப்பதற்கு 'நிற்கும்' செயற்கைக்கோள்கள் நிஜமாகவே உண்டு. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுபவை. உங்கள் வீட்டு டிஷ் ஆண்டெனா பார்த்துக்கொண்டிருப்பது அந்த வகையைத்தான். அவை மூன்று விநாடி என்ன, வருடக்கணக்காக ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். சனி பகவானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாமி கும்பிடுகிறவர் கும்பிடட்டும், நானும் போயிருக்கிறேன், நளன் குளத்தில் முழுக்குப் போட்டிருக்கிறேன். எனக்குப் புரியாதது ஒன்றுதான். அத்தனை நூற்றாண்டு பழைய கோயிலுக்கு அமெரிக்காக்காரன் சான்றிதழ் எதற்கு?

அதே மாணவி: அப்படியானால் சிதம்பரம் நடராஜர் கால் கட்டைவிரல் உலகக் காந்த நடுக்கோட்டின் மையம் என்பது?

காந்த நடுக்கோடு என்பது, காந்தமுள் மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைத்துப் பூமியைச் சுற்றிவரும் ஒரு கோடு. கோட்டுக்கு மையப்புள்ளி கிடையாது. அந்தக் கோடு தென்கோடி இந்தியா வழியாகப் போவது மட்டும் நிஜம். 1963இல் நம் மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவ திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். அதை ஆராயும் மையம் ஒன்று திருநெல்வேலியில் இருக்கிறது, சிதம்பரத்தில் இல்லை. இப்படி ஓர் உண்மை பக்கத்தில் கிடக்க, அதை விட்டுவிட்டுப் பொய்யைச் சுமக்கிறோமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

திருப்பூர், இரண்டு குழந்தைகளின் தாய்: சார், 2017இல் பள்ளியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது நான் என் மகனை அன்று லீவு போட வைத்தேன். ஃபார்வர்ட் பார்த்துப் பயந்துதான். பிறகு போட்டுவிட்டோம். ஆனால் எங்களை 'முட்டாள் பெற்றோர்' என்று எழுதினார்களே, அது இன்னும் உறுத்துகிறது.

அம்மா, உங்களை முட்டாள் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். பெயர் சொல்லித் திட்டவில்லை, பொதுவாக எழுதினேன். அது தப்பு.

நடந்ததைப் பாருங்கள். அந்தப் பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி என்று முகாம் தொடங்கியது. ஏற்கனவே தட்டம்மை ஊசி போட்ட பிள்ளைக்கும் மறுபடி போட வேண்டும் என்றார்கள். ஏன் மறுபடி, ஏன் பள்ளியில், ஏன் திடீரென்று என்று பெற்றோர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வீடு வந்து சேரும் முன்னால் வாட்ஸ்அப் வந்து சேர்ந்துவிட்டது. முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது.

பதில் கடினமானதே இல்லை. அதுவரை அரசு ஊசியில் தட்டம்மை மட்டும் இருந்தது, ரூபெல்லா புதிதாகச் சேர்ந்தது. ரூபெல்லா குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சல், தடிப்பு, அவ்வளவுதான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். பையனுக்குப் போடும் ஊசி, பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்கும் காவல். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போட்டால்தான் கிருமி சுற்றிவர வழியில்லாமல் போகும். இதை ஒரு தாளில் அச்சடித்து, ஊசிக்கு ஒரு வாரம் முன்பே பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

அப்புறம், ஆட்டிசம் வரும் என்ற பேச்சு. 1998இல் லண்டனில் ஒரு மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. 2010இல் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே திரும்பப் பெற்றது, அவர் பெயரும் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. கட்டுரை செத்துப் பல வருடமாகிறது, ஃபார்வர்டுக்குச் சாவில்லை.

சென்னை, ஆட்டோ ஓட்டுநர்: நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்ட மறுநாள் விழுந்தார். அதையும் தற்செயல் என்பீர்களா?

ஆமாம். அன்று எனக்கும் நெஞ்சு திக்கென்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் 15 ஊசி, 16 மாரடைப்பு, 17 மரணம். வரிசையாகப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவமனை சொன்னது. அந்த அளவு அடைப்பு ஒரே நாளில் சேர்ந்துவிடாது. அந்த அக்டோபரில் மத்திய அரசின் நிபுணர் குழுவும் ஊசி காரணமில்லை என்றது. ஆறு மாதம் கழித்து! மக்கள் பயந்தது ஏப்ரலில், நிபுணர் குழுவின் பதில் வந்தது அக்டோபரில். நடுவில் ஊசி போடாமல் இருந்துவிட்டவர்களை நினைத்தால் எனக்கு வதந்தியைவிட அந்த மெத்தனத்தின் மேல்தான் கோபம்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: விஞ்ஞானிகள் மட்டும் யோக்கியமா? கொரோனா காற்றில் பரவாது என்றவர்கள்தானே அப்புறம் பரவும் என்றார்கள்?

நியாயம். 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் 'கோவிட் காற்றில் பரவுவதில்லை' என்று, அதுவும் 'உண்மை' என்று முத்திரை குத்திப் பதிவு போட்டது. பொதுமக்கள் முகக்கவசம் அணிவதைப் பரிந்துரைக்க ஜூன் வரை தயங்கியது. அந்த மார்ச் பதிவைத் தமிழில் எழுதி நாற்பது பேருக்கு அனுப்பியவன் நான். பிறகு நாற்பது பேருக்கும் திருத்தம் அனுப்பினேன், பதில் போட்டவர்கள் மூன்று பேர்.

புது ஆதாரம் வந்தால் கருத்தை மாற்றுவது அறிவியலின் பலம்தான். ஆனால் உறுதியாகத் தெரியாததை உறுதிபோலச் சொன்னதற்கு அந்தச் சாக்கைச் சொல்லக் கூடாது. 'இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவு' என்று சொல்லியிருந்தால் போதும்.

சேலம், ரேஷன் அட்டைதாரர்: கடையில் வாங்கிய அரிசியில் சிலது தண்ணீரில் மிதக்கிறது. பிளாஸ்டிக் அரிசியா?

இல்லை. செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்தில் பிழிந்தெடுத்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலக்கிறார்கள். நிறம் கொஞ்சம் மாறித் தெரியும், சில மணிகள் மிதக்கும். பொறுக்கி எறிந்துவிடாதீர்கள், சத்து அதில்தான். சோற்றை உருட்டிப் போட்டால் பந்துபோலத் துள்ளுகிறதே என்றால், எந்தச் சோறும் மாவுச்சத்தால் துள்ளும். அரிசியைவிடப் பிளாஸ்டிக் விலை அதிகம், அதைக் கலக்கிற வியாபாரி முதலில் திவாலாவார்.

கோயம்புத்தூர், பின்னலாடை ஏற்றுமதி: 2023இல் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய வீடியோக்களால் எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அரசியல் பொய்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த மார்ச்சை மறக்க முடியாது. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த வெட்டுக்குத்துக் காட்சிகளுக்கு மேல் 'தமிழ்நாடு' என்று எழுதிவிட்டார்கள். ஹோலிக்கு ஊர் போக ரயில் நிலையத்தில் கூடிய கூட்டத்தைக் காட்டி 'ஓடுகிறார்கள்' என்றார்கள். பீகார் அரசு குழுவே அனுப்பி விசாரித்தது.

வீடியோ என்றால் ஒரு காட்சியை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள், அதே படம் முன்பு எங்கே வந்தது என்று தேடித் தரும். கடைப் பலகையில் என்ன மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம் என்று பாருங்கள். பாதிப் பொய் அங்கேயே உடையும். தொலைக்காட்சி முத்திரையோடு வரும் நியூஸ் கார்டு என்றால், அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று தேடுங்கள். தேர்தல் சமயத்தில் எல்லாக் கட்சி அபிமானிகளும் போலிக் கார்டு தயாரிக்கிறார்கள். நான் ஓட்டுப் போடும் கட்சிக்காரர்களும்தான்.

அவரே மறுபடி: கடுமையான சட்டம் வந்தால் நின்றுவிடாதா?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. கேலிச் சித்திரத்துக்கும் முகநூல் பதிவுக்கும் ஆட்களைப் பிடித்தார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மத்திய அரசைப் பற்றி எது பொய் என்று அரசே முடிவு செய்யும் விதியை 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாநில அரசும் தகவல் சரிபார்ப்பகம் வைத்திருக்கிறது. மறுப்பு வெளியிடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தன்னைப் பற்றிய செய்தியில் தானே நீதிபதியாக இருக்க எந்த அரசையும் நான் நம்ப மாட்டேன். கலவரத்தைத் தூண்டினால் வழக்குப் போட ஏற்கனவே சட்டம் இருக்கிறது.

விழுப்புரம், ஆசிரியை: ஒரு ஃபார்வர்டால் உயிர் போகுமா, மிகைப்படுத்துகிறோமா?

போயிருக்கிறது. 2018 மே மாதம், போளூர் பக்கம் அத்திமூர். குலதெய்வக் கோயிலைத் தேடி சென்னையிலிருந்து வந்த குடும்பம். வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். அந்தச் சமயம் நாடெங்கும் சுற்றிய வீடியோவில் பைக்கில் வந்த இருவர் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. கடைசியில் குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு 'கவனமாக இருங்கள்' என்று அட்டை காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது.

தூத்துக்குடி, தமிழ் ஆர்வலர்: மற்றவர்களின் பொய்களைப் பற்றிச் சொன்னது போதும். குமரிக் கண்டத்தையும் பொய் என்பீர்களா?

கண்டம் என்றால், ஆமாம். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் போன்ற விலங்குகளின் தடயம் இருப்பதை விளக்க 1864இல் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் கற்பித்த நிலம் லெமூரியா. அதைத்தான் பிறகு நம்மவர்கள் குமரிக் கண்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அது தேவையில்லாமல் போனது. ஆனால் கடந்த பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது, கரை தள்ளியிருந்தது, பிறகு நிலம் மூழ்கியது. கடல்கோள் பற்றிய பழைய நினைவுகளுக்கு அப்படி ஏதாவது வேர் இருக்கலாம். அதைத் தேடுவோம். கீழடியில் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறோம், தோண்டி எடுத்த பானையோடு, கரிமப் பகுப்பாய்வோடு. அதை மேடையில் பேசும்போது பக்கத்தில் 'இருபதாயிரம் ஆண்டு' என்று ஒருவர் அடித்துவிட்டால், கேட்கிற வெளியூர்க்காரர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தள்ளிவிடுவார். எனக்குத் திட்டு வரும் என்று தெரியும், அனுப்புங்கள்.

ஈரோடு, ஒன்பதாம் வகுப்பு: தாத்தா, இப்போதுதான் வந்தது. இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்குப் பக்கத்தில் வருகின்றனவாம், செல்போனை அணைத்துவிட்டுத் தூரமாக வைக்க வேண்டுமாம், நாசாவும் பிபிசியும் சொன்னதாம். அம்மா எல்லார் போனையும் அணைக்கச் சொல்கிறார்.

எஸ்எம்எஸ் காலத்திலிருந்தே எனக்குப் பழக்கமான செய்தி, தேதி மட்டும் எப்போதும் 'இன்றிரவு'. காஸ்மிக் கதிர்கள் இப்போதும் உன் மேல் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. போன் அணைந்திருந்தாலும் எரிந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் அம்மா சொன்னால் அணைத்துவிடு கண்ணு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ராத்திரி பன்னிரண்டரைக்குப் போன் எதற்கு?