தற்காலக் கலை சாதாரண மக்களுக்குப் புரியாது என்பது உண்மையா? உள்ளூர்க் கண்காட்சிகளால் அதை மாற்ற முடியுமா?

புரியாமல் இருப்பதைவிட, புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுவதுதான் பெரிய தடை என்று நினைக்கிறேன். சிறிய கண்காட்சிகளில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் தன்னார்வலனாக இருந்து வருகிறேன். உள்ளே வந்து "இது என்ன கிறுக்கல்?" என்று சத்தமாகக் கேட்பவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, அவரோடு பேசத் தொடங்கிவிடலாம். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, இது நமக்கான இடமில்லை என்று தாமே முடிவுசெய்து திரும்பிப் போகிறவர்களைத்தான் நாம் இழக்கிறோம்.

இந்தக் கூச்சத்தை வளர்ப்பதில் படைப்பைவிட, அதன் அருகே ஒட்டப்படும் குறிப்புக்கே பங்கு அதிகம். ஒரு கண்காட்சியில் பழைய சட்டைகளைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு அமைத்த நிறுவல் கலைப் படைப்பு ஒன்று இருந்தது. "இருப்புக்கும் இன்மைக்கும் இடைப்பட்ட வெளியை விசாரணைக்கு உட்படுத்துகிறது" என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தவர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்கள். பிறகு கலைஞரே அதை மாற்றி எழுதினார்: "இவை பலர் உடுத்திக் கழித்த சட்டைகள். கிழிந்த இடங்களை மட்டும் சிவப்பு நூலால் தைத்திருக்கிறேன்." அதன்பின் ஆட்கள் குனிந்தும் நிமிர்ந்தும் தையலைத் தேடினார்கள். தையல் வேலை செய்யும் ஒருவர், கழுத்துப் பட்டை தேய்ந்த சட்டைக்கும் அக்குளில் கிழிந்த சட்டைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, எது உட்கார்ந்து வேலை செய்தவருடையது, எது சுமை தூக்கியவருடையது என்று ஊகித்துச் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் அதை மறுத்தும் ஒத்துக்கொண்டும் பேசத் தொடங்கிவிட்டார்கள். படைப்பில் எதையும் எளிமைப்படுத்தவில்லை. அதை மறைத்துக்கொண்டிருந்த சொற்களைத்தான் எடுத்தார்கள்.

நின்று பார்ப்பதற்கு நேரமும் வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பார்வையாளர்கள் ஒரு படைப்பின் முன் சராசரியாக 27 வினாடிகள் நின்றார்கள் என்றும், அவர்களில் பாதிப் பேர் 17 வினாடிகளைக்கூடத் தாண்டவில்லை என்றும் தெரியவந்தது. உலகப் புகழ்பெற்ற ஓவியங்களுக்கே இந்த நிலை என்றால், அவசரமாகப் பார்ப்பதற்குத் தற்காலக் கலையின் கடினத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உட்கார நாற்காலி போடுங்கள் என்று அமைப்பாளர்களிடம் நான் நச்சரிப்பது இதனால்தான்.

அனுமதிக் கட்டணத்தை நீக்கினால் போதும் என்பவர்களும் உண்டு. பிரிட்டன் தன் தேசிய அருங்காட்சியகங்களில் 2001 டிசம்பரில் கட்டணத்தை நீக்கியபோது வருகை பெருமளவு கூடியது. ஆனால் வருகிறவர்களின் சமூகப் பின்னணி பெரிதாக மாறவில்லை. கதவைத் திறப்பது அவசியம்தான், உள்ளே அழைப்பது வேறு வேலை.

அழைக்காமல் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 'டில்டட் ஆர்க்' (சாய்ந்த வில்) என்ற சிற்பம் உதாரணம். 1981இல் நியூயார்க்கின் ஓர் அரசு வளாகச் சதுக்கத்துக்குக் குறுக்கே 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட எஃகுச் சுவரை அவர் நிறுத்தினார். அன்றாடம் அதைச் சுற்றி நடக்க வேண்டியிருந்த ஊழியர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. 1985இல் நடந்த பொது விசாரணையில் பேசியவர்களில் பெரும்பாலோர் சுவர் இருக்கட்டும் என்றே சொன்னார்கள். ஆயினும் 1989இல் அது அகற்றப்பட்டது. எனக்கு அந்தப் படைப்பு பிடிக்கும். அகற்றியது தவறு என்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஊழியர்களின் எரிச்சலை ரசனைக் குறைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே நகரத்தில், 1979–80இல், மீர்லே லேடர்மன் யூக்லீஸ் என்ற கலைஞர் சுமார் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களை நேரில் சந்தித்து, ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி நன்றி சொன்னார். அதுவே படைப்பு. கருத்தளவில் அது செர்ராவின் சுவரைவிட எளிதானதல்ல. ஆயினும் அதில் பங்கேற்க யாருக்கும் கலை வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பெரிய அருங்காட்சியகங்களுக்கு எளிதில் வாய்க்காத ஒன்று உள்ளூர்க் கண்காட்சிக்கு உண்டு: கலைஞர் அங்கேயே இருப்பார். மாலையில் ஒரு மணி நேரம் அவர் தன் படைப்பருகே உட்கார்ந்திருந்தாலே போதும், "இதை எதற்குச் செய்தீர்கள்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கண்காட்சியை நூலகத்திலோ பள்ளியிலோ வைத்தால், வேறு வேலையாக வந்தவர்களும் அதைப் பார்ப்பார்கள். அதற்காக, எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று சுயபடம் எடுக்க வசதியான வண்ணச் சுவர்களாக நிரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

வருகையேட்டையும் மாற்றலாம். "தங்கள் மேலான கருத்து" என்று அச்சிட்டுவைத்தால் "அருமை" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பதிலாக, "எது உங்களுக்கு எரிச்சலூட்டியது, ஏன்?" என்று கேளுங்கள், அதற்கு ஒரு பக்கம் நிறைய எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.