700 பக்கத்தை மூடி வையுங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. ஒயிட்ஃபீல்டிலிருந்து எம்.ஜி. ரோடு வரை தினமும் மெட்ரோ. கல்லூரியில் படிக்கும்போது வாரம் ஒரு நாவல் முடிப்பேன். இப்போது பத்துப் பக்கத்தில் கண் அசந்துவிடுகிறது, கை போனைத் தேடுகிறது. ஜனவரியில் தொடங்கிய 700 பக்க வரலாற்று நாவல் 60ஆம் பக்கத்திலேயே நிற்கிறது. அதை முடிக்காமல் வேறொன்றைத் தொடவும் மனமில்லை. வாசிப்பு என்னை விட்டுப் போய்விட்டதா?

வாசகி, பெங்களூரு

அன்புள்ள வாசகிக்கு,

போகவில்லை. முதலில் கண்ணைப் பாருங்கள். நாற்பதை ஒட்டிக் கண்ணின் லென்ஸ் இறுகத் தொடங்கும். கிட்டத்தில் உள்ளது மங்கும். நம் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்று சொன்னது இதைத்தான். போனில் எழுத்தை விரலால் பெரிதாக்கிக்கொள்வதால் உறைப்பதில்லை. தமிழ் அச்சில் இது கூடுதலாகப் படுத்தும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் ‘க்’ ‘க’ ஆகிவிடும், ‘ன’வும் ‘ண’வும் குழம்பும். சொல்லை ஊகித்து, தவறென்று தெரிந்து, வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவீர்கள். பத்துப் பக்கத்தில் வரும் களைப்பு அந்த வேலையால் வருவதாக இருக்கலாம்; அதை ஆர்வக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால் எழுத்து தெளிகிறதா என்று பாருங்கள். தெளிந்தால் கண் மருத்துவரிடம் போங்கள். கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான். உங்கள் கண்கள் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்து, அந்த நாவல். வரலாற்று நாவலின் முதல் நூறு பக்கங்களில் பெயர்களும் உறவுகளும் வந்துகொண்டே இருக்கும். நாலு நாள் விட்டு எடுத்தால் யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதே மறந்துபோகும். அதற்குத் தினம் 30 பக்கமாவது வேண்டும். நெடுநாள் கழித்துத் தமிழுக்குத் திரும்புபவருக்குக் கால் மணி நேரத்தில் ஆறேழு பக்கம் ஓடினாலே நல்ல வேகம். அப்படிப் பார்த்தால் 30 பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கணக்கு இடிக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு விதி சொல்வார்: 50 பக்கம் வரை பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கம் வரை பார்த்தால் போதும். நீங்கள் 60 பார்த்துவிட்டீர்கள்.

இப்போதைக்குச் சிறுகதை. கதைக்கு 8 முதல் 12 பக்கம், இரண்டு வாரத்துக்கு ஒரே எழுத்தாளரின் தொகுப்பு. பலர் எழுதிய தொகுப்பு வேண்டாம். கதைக்குக் கதை புதுக் குரலுக்குக் காது பழக வேண்டியிருக்கும். நெல்லை, கொங்கு வழக்கில் எழுதியது பிடிபடாவிட்டால் வீட்டில் முதல் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண் தடுக்கிய இடத்தைக் காது தாண்டிவிடும்.

ஒயிட்ஃபீல்ட் முதல் நிலையம் என்பதால் காலையில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். போன் பைக்குள் இருக்கட்டும், புத்தகம் கையில். முதல் பத்து நிமிடம் மனம் ஓடத்தான் செய்யும். அங்கேதான் பலரும் மூடிவிடுகிறார்கள். ஒரு கதை முடியும்வரை மூடாதீர்கள். மாலை நெரிசலில் நின்றுகொண்டு முயல வேண்டாம். கதை மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

உடனே வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். காசு கொடுத்து வாங்கியதைப் பாதியில் விட மனம் வராது, நாவலில் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, ஹலசூரு மெட்ரோ நிலையத்திலிருந்து ஆட்டோ தூரம். ஆண்டுக்கு 50 புத்தகம் என்ற சபதத்தையும் எடுக்காதீர்கள். எண்ணிக்கைக்காகப் படிப்பவர் பிடித்த பக்கத்தில் நிற்க மாட்டார். அப்படி நிற்பதற்குத்தானே திரும்பி வருகிறீர்கள்?

மூன்று மாதம் கழித்து அந்த நாவலை எடுங்கள். 60ஆம் பக்கத்திலிருந்து அல்ல, முதல் பக்கத்திலிருந்து.