துளசியின் நுனியைக் கிள்ளினால் ஏன் புதர் மாதிரி அடர்கிறது?

நுனி கிள்ளுதல் என்றால் தண்டின் உச்சிக் கொழுந்தை, ஒரு ஜோடி இலை இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே, நகத்தால் கிள்ளி எடுப்பது, அவ்வளவுதான். உச்சி மொட்டு ஆக்சின் என்ற ஒரு பொருளைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வந்துகொண்டிருக்கும்வரை இலையிடுக்கில் உள்ள பக்க மொட்டுகள் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். தாத்தா பேசி முடிக்கும்வரை பிள்ளைகள் வாய் திறக்காத வீடு மாதிரி. உச்சியை எடுத்ததும் அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும், அப்புறம் அவற்றையும் கிள்ளினால் நான்கு. கதிர் விட்டால் அதையும் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் சத்தெல்லாம் விதைக்குப் போய் இலை சிறுத்துவிடும். கிள்ளிய கொழுந்தை இஞ்சியோடு கொதிக்கவைத்துக் குடிக்கலாம், அருமையாக இருக்கும். கிள்ளினால் செடி பட்டுப்போகும் என்று பலர் பயப்படுகிறார்கள். நுனி கிள்ளுவதால் அப்படி ஆகாது, இலைகளையெல்லாம் ஒரேயடியாக உருவி மொட்டையாக்குவதுதான் செடியைச் சோர வைக்கும்.