முதலில் கேபிளைத் தூக்குங்கள்

தம்பி, நிலத்தடியை ஆராயும் புவி இயற்பியல் முறைகளைப் படிக்க வெளிநாடு வந்திருக்கிறீர்கள். எந்த மென்பொருளைக் கற்பது, வீடு எப்படிப் பிடிப்பது, படித்ததும் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு எப்படியும் அமைந்துவிடும். வேலையைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம். மென்பொருள் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும், நானும் அதே கேள்வியோடு வந்து இறங்கியவன்.

மென்பொருள் எதைக் கொடுத்தாலும் அழகான வண்ணப் படம் போட்டுத் தரும். ஆபத்தே அதில்தான். மின்தடை ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள், தரைக்குள் மின்சாரம் செலுத்தி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் முறை அது. ஆழத்தில், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அது 2 மீட்டர் தடிமனில் 10 ஓம் மீட்டரா (மண்ணின் மின்தடைத்திறனைச் சொல்லும் அலகு), 4 மீட்டர் தடிமனில் 20 ஓம் மீட்டரா என்பதை மேலிருந்து எடுத்த அளவுகளை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. அந்த 10 ஓம் மீட்டரும் களிமண்ணாக இருக்கலாம், உப்புநீர் ஊறிய மணலாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஆழ்துளைப் பதிவு, அதாவது துளையிட்டபோது எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்ற குறிப்பு, இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வென்னர் அமைப்பில், அதாவது ஒரே நேர்கோட்டில் சம இடைவெளியில், நான்கு மின்முனைகளை நட்டு, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து, 2π-ஆலும் அந்த இடைவெளியாலும் பெருக்கி மின்தடைத்திறனைக் கையாலேயே கணக்கிடுங்கள். மென்பொருள் அப்புறம்.

குளிர்நாடு என்றால் இன்னொரு எச்சரிக்கை. தரையைத் தட்டி, அடியிலுள்ள அடுக்குகளில் வளைந்து திரும்பும் அதிர்வலையின் நேரத்தை அளக்கும் நில அதிர்வு விலகல் முறையில், கீழே போகப் போக அலையின் வேகம் கூடினால்தான் கணக்குச் சரியாக வரும். குளிர்காலத்தில் ஈரமான மேல்மண் உறைந்துவிட்டால் அதில் வேகம் பாறைக்கு நிகராக ஏறிவிடும். அடியில் உறையாத மண்ணில் வேகம் குறைவு. அந்த அடுக்கு உங்கள் வரைபடத்தில் தலைகாட்டவே காட்டாது. வெப்பநாட்டுப் பாடத்தோடு வருகிற நமக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நொடிக்கு 1500 மீட்டர் வேகத்தைக் கண்டதும் மென்பாறை என்று எழுதிவிடாதீர்கள், நிலத்தடி நீர் மட்டமும் அதே எண்ணைத்தான் காட்டும். தரைக்குள் ரேடியோ அலை அனுப்பிப் பார்க்கும் தரை ஊடுருவு ரேடார் களிமண்ணில் அதிக ஆழம் போகாது, அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

நம்மவர்கள் மேல் எனக்கொரு வருத்தம் உண்டு. களப்பணி என்றாலே கூலிவேலை என்று ஒதுங்கி, கணினி அறையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிறகு பதவி உயர்வு வரவில்லை என்று புலம்பல். மண்ணைத் தொடாதவரிடம் தளப் பொறுப்பை யார் கொடுப்பார்கள்?

நான் வந்த புதிதில், என் உச்சரிப்பு புரியவில்லை என்று சொல்லிக் கேபிள் சுற்றும் வேலையை மட்டும்தான் கொடுத்தார்கள். அப்போது கசந்தது உண்மை. ஆனால் அந்தக் குழுவில் இருந்த வயதான தொழில்நுட்பர் ஒருவர், அளவு எடுக்கும் முன் ஒவ்வொரு மின்முனையும் தரையைத் தொடும் இடத்தில் மின்சாரத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது (தொடுதடை) என்று சோதிப்பார். மண் காய்ந்திருந்தால் உப்புநீர் ஊற்றுவார், உறைந்திருந்தால் துளை போட்டு ஈர மண் வரை கம்பியை இறக்குவார். இரைச்சலான அளவு வந்தால், பக்கத்தில் ஓடும் வேலிக்கம்பியையும் புதைந்த குழாயையும் குறிப்பேட்டில் வரைந்துவைப்பார். ஒன்றுவிடாமல் நானும் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் அடுத்த பருவத்தில் கருவியையே என் பொறுப்பில் விட்டார்கள்.