46 எப்படி 47 ஆனது?

கேள்வி: எனக்கு வயது 36. முதல் கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. ஸ்கேனில் இதயத்துடிப்பு இல்லை என்று சொல்லி, திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் ‘47, எக்ஸ்எக்ஸ், +16’ என்று இருக்கிறது. செல் பிரிவதற்கு முன்னால் டிஎன்ஏ இரண்டு மடங்காகும் என்று பள்ளியில் படித்த ஞாபகம். அப்படியானால் 46 என்பது 92 ஆகத்தானே வேண்டும்? 47 எங்கிருந்து வந்தது? டிஎன்ஏ நகலாகும்போது ஏதாவது தப்பு நடந்துவிட்டதா? அந்த நாட்களில் மாடிப்படி நிறைய ஏறி இறங்கினேன், அதனாலா? எனக்கும் கணவருக்கும் குரோமோசோம் பரிசோதனை தேவையா?

பதில்: முதலில் மாடிப்படியை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் கர்ப்பம் என்று தெரியவருவதற்கு முன்பே, முட்டை பக்குவமாகும் கட்டத்திலேயே முடிந்துபோன விஷயம் இது. அதைப் புரிந்துகொள்ள உங்கள் 92 கணக்கிலிருந்தே தொடங்கலாம். மருத்துவ மாணவர்களே தடுமாறுகிற இடம் அது.

சாதாரண உடல் செல் ஒன்று பிரியும் முன், அதிலுள்ள 46 குரோமோசோம்களின் டிஎன்ஏ முழுவதும் நகலாகிறது. 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்து ஜோடிகள். ஏறத்தாழ 8 மணி நேர வேலை. நகல் தயாரானதும் இரண்டு பிரதிகளும் தனித்தனியே போய்விடுவதில்லை. சென்ட்ரோமியர் என்ற இடுப்புப் பகுதியில் ஒட்டிக்கொண்டே நிற்கின்றன. குரோமோசோமை எண்ணும்போது இந்த இடுப்புகளைத்தான் எண்ணுகிறோம். எனவே டிஎன்ஏ இரண்டு மடங்கானாலும் எண்ணிக்கை 46தான். 92 என்பது அவற்றிலுள்ள குரோமாடிட் இழைகளின், அதாவது ஒட்டிநிற்கும் பிரதிகளின் கணக்கு. இரட்டைகள் பிய்ந்து இரு பக்கமும் இழுபடும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் ஒரே செல்லுக்குள் 92 குரோமோசோம் இருக்கும். செல் இரண்டானதும் ஆளுக்கு 46.

பாடப்புத்தகத்தில் ‘எக்ஸ்’ வடிவில் குரோமோசோம் படம் பார்த்திருப்பீர்களே, அது நகலெடுத்து முடித்து இன்னும் பிரியாத நிலை. பரிசோதனைக் கூடத்தில் மருந்து போட்டு, பிரிவின் நடுவில் செல்லை நிறுத்துவார்கள். உப்பு குறைந்த கரைசலில் ஊதவைத்து, கண்ணாடிச் சில்லில் சொட்டுவிட்டு, சாயம் ஏற்றி எண்ணுவார்கள். இப்படி ஊதவைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததை எண்ணிய காலத்தில் மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். 1956-ல் ஜோ ஹின் டிஜியோ, ஆல்பர்ட் லெவான் என்ற விஞ்ஞானிகள் இருவரும்தான் 46 என்று திருத்தினார்கள்.

முட்டைக்கும் விந்தணுவுக்கும் கணக்கு வேறு. அங்கே நகலெடுப்பது ஒரு முறை, பிரிவது இரண்டு முறை. 46 குரோமோசோம்களும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என 23 ஜோடிகள். முதல் பிரிவில் ஜோடிகள் விலகி 46 பாதியாகி 23 ஆகும், ஒவ்வொன்றும் இன்னும் இரட்டையாகவே. இரண்டாவது பிரிவில் அந்த இரட்டைகள் விலகும். ஆண்களுக்கு இது வயதுக்கு வந்தபின் தொடங்கி, இடைவிடாமல் நடக்கிற உற்பத்தி. பெண்களுக்கு அப்படியில்லை. உங்கள் முட்டைகளின் டிஎன்ஏ நகலானது நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் சில மாதக் கருவாக இருந்தபோது. அதன்பின் முதல் பிரிவு பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு முட்டை வெளிவரப்போகும் மாதத்தில்தான், அதாவது உங்கள் விஷயத்தில் 36 வருடம் கழித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

இத்தனை வருடமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கோஹீசின் என்ற புரதங்கள். மேசை இழுப்பறையில் பல வருடம் கிடந்த ரப்பர் பேண்ட் போல அவையும் தளர்ந்துபோகும். பிடி தளர்ந்தால், விலக வேண்டிய ஜோடி சரியாக விலகாது. 16-வது ஜோடியில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று போவதற்குப் பதில் இரண்டும் முட்டையிலேயே தங்கிவிட்டால் முட்டையில் 24. விந்தணுவின் 23 சேர்ந்தால் 47. ஆக, நகலெடுத்ததில் குறையில்லை. பங்கு பிரித்ததில்தான் ஒன்று கூடிவிட்டது.

இப்படி ஒரு குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதை டிரைசோமி என்போம். உங்கள் ரிப்போர்ட்டின் ‘+16’, அதாவது டிரைசோமி 16, ஏறக்குறைய எப்போதுமே முட்டையில் இப்படி வருவதுதான். ‘அப்போ என்னால்தானே’ என்று நீங்கள் நினைத்தாலும், வேறு யாரேனும் சொல்லிக் காட்டினாலும், அது நியாயமில்லை. நீங்கள் பிறப்பதற்கு முன் தொடங்கிய வேலையில் உங்கள் பொறுப்பு என்ன? முதல் மூன்று மாதத்தில் கலையும் கர்ப்பங்களில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். அவற்றில் அதிகம் காணப்படும் டிரைசோமி இந்த 16தான். எல்லா செல்லிலும் 16 மூன்றாக இருக்கும் கரு பிரசவம் வரை தாங்காது. எந்த மாத்திரையும் ஓய்வும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது.

இனி பரிசோதனை. ஒரே ஒரு கருச்சிதைவு, ரிப்போர்ட்டில் தனியாக ஒரு கூடுதல் குரோமோசோம் என்றால் தம்பதிக்குக் கேரியோடைப் என்ற குரோமோசோம் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. உங்கள் ரத்தத்தில் 46 என்றுதான் வரும், செலவுதான் மிச்சம். ரிப்போர்ட்டில் ‘டிரான்ஸ்லொகேஷன்’ என்று, அதாவது ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றில் ஒட்டியிருப்பதாக, இருந்திருந்தால் இருவருக்கும் உடனே எடுக்கச் சொல்லியிருப்பேன். மறுபடியும் கலைந்தாலும் எடுக்கத்தான் வேண்டும்.

ரத்தப்போக்கு நின்று ஒரு மாதவிலக்கு வந்தபின், மனமும் தயாரானால், அடுத்த கர்ப்பத்துக்கு முயலலாம். தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் இப்போதே ஆரம்பியுங்கள். அது குழந்தையின் தண்டுவடத்துக்கான பாதுகாப்பு. குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றாது. கர்ப்பம் உறுதியானதும் இந்த ரிப்போர்ட்டை மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். பத்தாவது வாரத்திலிருந்து தாயின் ரத்தத்திலேயே குழந்தையின் குரோமோசோம்களைப் பற்றி அறிய முடியும். உங்கள் வயதுக்கு அதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்வது நல்லது. அதில் சந்தேகம் என்று வந்தால் பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்ற ஒன்றால் உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.