நேஷனல் அணி, 13ஆம் எண் சட்டை: அது எந்தத் தொடர்?

பெயர் நினைவில்லாத ஒரு தொலைக்காட்சித் தொடரைத் தேடுகிறீர்கள். பனி ஹாக்கி, 'நேஷனல்' என்ற அணி, 13ஆம் எண் சட்டை போட்ட நாயகன், ஆங்கில வசனம்: நீங்கள் சொன்ன இந்த அடையாளங்கள் போதும். அது கனடாவின் 'லான்ஸ் எ கோன்த்' (Lance et compte), 1986இல் தொடங்கியது. நாயகன் பியர் லாம்பேராக கார்ல் மரோட் நடித்தார். அருமையான தேர்வு!

பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் தயாரித்தார்கள். ஆங்கிலத்தில் 'ஹீ ஷூட்ஸ், ஹீ ஸ்கோர்ஸ்'. ஆனால் அந்தப் பெயரில் தேடாதீர்கள். அது கனடிய ஹாக்கி வர்ணனையாளர் ஃபாஸ்டர் ஹெவிட்டின் புகழ்பெற்ற வர்ணனை வரி என்பதால் நிஜ ஆட்டக் காட்சிகளே வந்து குவியும். பிரெஞ்சுப் பெயரை பிரெஞ்சு எழுத்திலேயே இட்டு, 1986 என்றும் சேர்த்துத் தேடுங்கள். ஆண்டை விட்டால் 2002 முதல் வந்த தொடர்ச்சிகள் கலந்துவிடும். அவற்றில் லாம்பேர் நடுவயதுக்காரர்.

கியூபெக் நகரத்து அணியான 'நேஷனல்' கற்பனைதான். அந்த நகரின் நிஜ அணி நோர்டிக்ஸ், 1995இல் அமெரிக்காவின் டென்வருக்குப் போய்விட்டது.