போரில் இறந்த ஒரு குண்டுவீச்சு விமானப் படையணியின் வீரர்களை நீங்கள் நினைவுகூர்வதுண்டா? ஏன், எப்படி?

உண்டு. பிரித்தானிய விமானப்படையின் 11ஆம் படையணியை நினைப்பேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைக்கு அப்பால் அந்தப் படையணியின் ஐந்து குண்டுவீச்சு விமானங்கள் கடலில் விழுந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர். அவர்களில் எவரும் எனக்கு உறவில்லை, எங்கள் மொழி பேசியவர்களும் இல்லை. ஆனால் அவர்கள் கிடப்பது நான் நீந்தப் பழகிய கடலில்.

எங்கள் வீட்டில் 'யப்பான்காரன் குண்டு போட்ட நாள்' என்று ஒரு பேச்சு எப்போதும் இருக்கும். அம்மம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. விடிந்து கொஞ்ச நேரத்தில் சீனக்குடாப் பக்கம் இடி இடித்தது போல் சத்தம், பிறகு கரும்புகை, அன்று மத்தியானமே மாட்டுவண்டி கட்டித் தம்பலகாமத்துக்குப் போனது, உலையில் வைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் போனது எல்லாம் சொல்வார். அந்தச் சோற்றுப்பானை கடைசிவரை அவர் நினைவில் இருந்தது. அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸையும் அவருக்குத் தெரியும். ஆனால் கொழும்பிலிருந்து பறந்துவந்து யப்பான் கப்பல்களைத் தாக்கப் போய்ச் செத்தவர்கள் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது. அவர்கள் விழுந்தது கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில்.

எனக்கே அது தெரியவந்தது சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அன்று நடந்தது.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு ஒரு யப்பானிய கடற்படை கொழும்பைத் தாக்கியது. நான்கு மாதத்துக்கு முன்னர் பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே கடற்படைதான், ஒரு தாங்கிக் கப்பல் மட்டும் குறைவு. முந்திய நாள் தெற்கே கொக்கலையிலிருந்து போன ஒரு கற்றலினா கடல்விமானம் அதைக் கண்டு தகவல் அனுப்பிவிட்டுச் சுடப்பட்டு விழுந்தது. அதன் விமானி, கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சோல், கைதியாகி உயிர் பிழைத்தார். 'இலங்கையைக் காத்தவர்' என்று பிற்பாடு அவரைக் கொண்டாடினார்கள். அவரோடு போன எட்டுப் பேரில் மூவர் இறந்தார்கள். 9ஆம் திகதி, பேர்ச்சோலின் படையணியைச் சேர்ந்த இன்னொரு கற்றலினாவும் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அதிலிருந்து ஒருவரும் திரும்பவில்லை. அந்த விமானியின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

11ஆம் படையணி அப்போது கொழும்பு கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலில் இருந்தது. இன்று கடைகளும் உணவகங்களுமாக இருக்கிறதே, அந்த ரேஸ்கோர்ஸ்தான். அதை அவசரமாக விமான ஓடுபாதையாக மாற்றியிருந்தார்கள். யப்பானியருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. படையணி மத்திய கிழக்கிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உயிர்த்த ஞாயிறன்றும் எதிரியைத் தேடிப் போனார்கள், கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினார்கள். 9ஆம் திகதி மறுபடி புறப்பட்டார்கள். பதினொரு விமானங்கள் எழுந்தன. இரண்டு இயந்திரக் கோளாறால் திரும்பிவிட, ஒன்பது போயின.

அந்த விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரிஸ்டல் பிளென்ஹைம், இரண்டு எஞ்சின். ஓட்டுபவர் ஒருவர், வழி பார்த்துக் குண்டு போடுபவர் ஒருவர், வானொலியையும் மேல்துப்பாக்கியையும் பார்ப்பவர் ஒருவர். உள்ளே சுமார் 1,000 இறாத்தல் குண்டு. 1930களின் நடுப்பகுதியில் அது வேகமான விமானம் என்று பேர் வாங்கியது. 1942இல் யப்பானின் சீரோ சண்டை விமானத்துக்கு முன்னால் அது நிற்கவே முடியாது. துணைக்குச் சண்டை விமானம் எதுவும் கூடப் போகவில்லை. இதெல்லாம் அந்த விமானங்களில் ஏறியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். உயிர்த்த ஞாயிறன்று கொழும்புக்கு மேலே என்ன நடந்தது என்பதை அவர்கள் தரையில் வந்து கேட்டிருப்பார்கள்தானே. அதே திடலிலிருந்து எழுந்த ஹரிக்கேன் சண்டை விமானங்களின் விமானிகள் பலர் திரும்பியிருக்கவில்லை. நான்கு நாள் கழித்து இவர்கள் ஏறினார்கள்.

போய்ச் சேர்ந்ததும் நடந்ததுதான் என்னை இன்றும் விடாமல் பிடித்திருக்கிறது. 11,000 அடி உயரத்தில் அவர்கள் வந்ததை யப்பானியர் கவனிக்கவே இல்லை. மேலே காவல் சுற்றிக்கொண்டிருந்த சீரோக்களும் காணவில்லை. அகாகி, அதாவது நகுமோவே ஏறியிருந்த தலைமைக் கப்பல், அதைச் சுற்றித் தண்ணீர் தூணாக எழும்பிய பிறகுதான் வானத்தில் ஆள் இருப்பது தெரிந்தது. அந்தப் போரில் யப்பானின் தாங்கிக் கப்பல் படையின்மேல் மேற்கு நாட்டு விமானங்கள் குண்டு போட்டது அதுவே முதல் தடவை. ஆனால் ஒரு குண்டும் கப்பலில் விழவில்லை. எல்லாம் பக்கத்துத் தண்ணீரில்.

அதற்குப் பிறகு சீரோக்கள் பாய்ந்தன. நான்கு பிளென்ஹைம்கள் அங்கேயே வீழ்ந்தன. மிஞ்சிய ஐந்தும் தப்பித் திரும்பி வருகிற வழியில், ஹெர்மிஸைத் தாழ்த்திவிட்டுத் தங்கள் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்த யப்பானிய விமானங்கள் எதிரே வந்தன. அந்த ஐந்தில் ஒன்றும் விழுந்தது. நான்கு மட்டும் சேதத்தோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தன.

சரி, குண்டு படவில்லை, ஐந்து விமானம் போனது, இதில் நினைக்க என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். வரலாற்று நூல்கள் பல இதை ஓரிரு வரியில் கடந்துபோவதும் அதனால்தான். ஹெர்மிஸ் மூழ்கியதில் 307 பேர் இறந்தார்கள், அதற்கு முன் 5ஆம் திகதி மூழ்கிய இரண்டு பிரித்தானிய குரூசர் போர்க்கப்பல்களில் 424 பேர். அந்தக் கணக்கின் பக்கத்தில் இவர்கள் சிறு எண்ணிக்கை. ஆனால் இரண்டு மாதம்கூட முடியுமுன், ஜூன் 4இல், பசிபிக் கடலில் மிட்வே தீவுக்கு அருகே அதே கடற்படையை, கண்ணில் படாமல் மேலிருந்து வந்த அமெரிக்க விமானங்கள்தான் முடித்தன. அகாகியும் அங்கேதான் அழிந்தது. மேலே பார்க்கத் தெரியாத அந்தக் குறை திருகோணமலைக் கடலிலேயே வெளிப்பட்டுவிட்டது. யப்பானியர் அதிலிருந்து படிக்கவில்லை. இப்படிச் சொல்வதால் அந்தச் சாவுகளுக்கு ஒரு கூலி கிடைத்துவிட்டது என்று நான் எண்ணவில்லை. மிட்வேயில் குண்டு பட்டிருக்காவிட்டாலும் இவர்கள் நினைக்கப்பட வேண்டியவர்கள்தான்.

இனி கிராஞ்சி. சிங்கப்பூர் வந்த இரண்டாம் வருடம், ஒரு விடுமுறை நாளில் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, நடந்து, போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான் போனேன். மேட்டில் வரிசை வரிசையாக 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள். உச்சியில் விமானச் சிறகைப் போன்ற கூரையோடு நினைவுச்சின்னம், 1957இல் திறந்தது. அதன் அகன்ற தூண்களில் 24,000க்கும் மேலான பெயர்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் மட்டும் அவை. அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. தோழர்களுக்குக் கிடைத்த வழக்கமான இறுதிக் கிரியை, போரின் விதியால் இவர்களுக்குக் கிடைக்காமல் போனது என்ற பொருளில் ஒரு வரி அதில் வரும்.

அந்த வரியில் நின்றுவிட்டேன். அம்மம்மாவின் தம்பி ஒருவர் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர். உடல் இல்லை. தர்ப்பையால் ஆள்போல் ஒன்று செய்து, அதற்குக் கொள்ளி வைத்துத்தான் கிரியை செய்தார்கள். 'புல்லைத்தானடா எரிச்சனாங்கள்' என்று அம்மம்மா சொல்வார், வேறெதுவும் சொல்லமாட்டார். திருவிழாவுக்குக் கோணேசர் கோவிலுக்குப் போனாலும் மலையிலிருந்து கடலை எட்டிப்பார்க்க மாட்டார். உடல் கிடைக்காத சாவு ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை நான் பார்த்து வளர்ந்தேன்.

அன்று இரவே பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையப் பதிவேட்டில், எங்கள் கடல் சம்பந்தமாக யாரும் இருக்கிறார்களா என்று 1942 ஏப்ரல் 9 என்று திகதி கொடுத்துத் தேடினேன். அப்படித்தான் 11ஆம் படையணி வந்தது. அவர்கள் பெயர்களும் கிராஞ்சியின் அந்தத் தூண்களிலேயே இருந்தன. திகதியும் படையணியும் நினைவுச்சின்னமும் கொடுத்தால் யாரும் தேடலாம். பலருக்கு வயது, பெற்றோர் பெயர், ஊர் இருக்கும். சிலருக்குப் பெயரும் படை இலக்கமும் மட்டும். பெற்றோர் பெயர் இல்லாத பதிவைக் கண்டால் மனம் ஒரு மாதிரியாகிவிடும். தகவல் கேட்டுக் கடிதம் போனபோது பதில் போட அந்த வீட்டில் யாரும் இருக்கவில்லையோ என்று தோன்றும்.

அதன் பிறகு முடிந்தவரை ஒவ்வொரு ஏப்ரல் 9ஆம் திகதியும் அங்கே போகிறேன். நினைவுச்சின்னத்தில் பெயர்கள் பதவி வரிசையில் இருக்கின்றன. அதிகாரிகள் ஒரு பக்கம், சார்ஜன்ட்கள் ஒரு பக்கம். ஒரே விமானத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து போய், ஒரே நிமிடத்தில் கடலில் விழுந்த மூவர் கல்லில் பிரிந்து கிடக்கிறார்கள். நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் ஒருவரிலிருந்து அடுத்தவருக்கு நடப்பேன். சில பெயர்கள் எட்டாத உயரத்தில் இருக்கும், அண்ணாந்துதான் வாசிக்க வேண்டும். வாய்க்குள் வாசிப்பேன். பூ ஒன்று வைப்பேன். அவ்வளவுதான், இருபது நிமிடம் ஆகும்.

என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டு, 'வெள்ளைக்காரன் தன் பேரரசைக் காக்க அனுப்பியவனுக்கு நீ ஏன் பூ வைக்கிறாய், நம்மவர்களுக்கு யார் வைத்தார்கள்?' என்றார். கேள்வி நியாயமானது. அந்த மேட்டிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. நினைவுச்சின்னத்தின் பின்னால், தகனம் செய்யப்பட்ட சுமார் 800 பேருக்குத் தனி நினைவிடம் உண்டு, பெரும்பாலும் இந்தியப் படையினர். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து யப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுச் செத்த ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர்களை முழுதாக எழுதிவைத்த ஒரு பட்டியல் இல்லை. எத்தனை பேர் என்பதே சரியாக எண்ணப்படவில்லை. எங்கள் சொந்த மண்ணிலும் செத்தவர் பெயரைச் சொல்லி அழுவது எப்போதும் எளிதாக இருந்ததில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும், அங்கே நிற்கும்போது நினைப்பதும் உண்டு. அதனாலேயே எழுதிவைத்த பெயர் எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தத் தூணின் முன்னால் எனக்கு விளங்குகிறது. இவர்களுக்கு வைக்கும் பூவை நிறுத்தினால் அவர்களுக்குப் பெயர் கிடைத்துவிடுமா? கிடைக்காது.

யப்பானிய விமானிகளும் அந்த வாரம் எங்கள் கடலில் விழுந்தார்கள். அவர்கள் வீட்டிலும் காத்திருந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர்களை நான் இன்னும் தேடவில்லை. தேட வேண்டும்.

நீங்களும் இப்படி ஒருவரையோ ஒரு படையணியையோ நினைக்க விரும்பினால், உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். திருகோணமலையில் இருப்பவர்கள் நிலாவெளி வீதியில் உப்புவெளியிலிருக்கும் போர்க் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். சென்னைவாசிகளுக்கு நந்தம்பாக்கத்தில் இருக்கிறது. ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு வந்து பதிவேட்டில் தேடினால் போதும், அந்த ஆளின் வயது தெரிந்த பிறகு விட முடியாது.

போன முறை ஊருக்குப் போனபோது அதே தாளைக் கொண்டுபோனேன். விடியற்காலையில் டச்சு வளைகுடாக் கரையில், வலை இழுக்க வந்தவர்கள் ஒரு பக்கம் நிற்க, நான் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பெயர்களைக் கடலைப் பார்த்து வாசித்தேன். வயதான ஒருவர் வந்து, 'யாருக்குத் தம்பி?' என்று கேட்டார். விமானத்தில் வந்து இங்கே விழுந்தவர்கள், எண்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது என்றேன். 'உடம்பு எடுத்தவங்களோ?' என்றார். இல்லை என்றேன். அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, நான் வாசித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.